எழுதிய கைக்கு முதல் சொட்டு

முத்துக்கரை என்று ஒரு ஊர், உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் பொருக்குத் தட்டிப்போன ஊர், அந்த ஊரில் கலங்கரை விளக்கத்துக்குச் சமமாக எழும்பி நிற்கும் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி, அந்தக் கல்லூரியில் படிப்படியாய் மேலே ஏறிப்போகும் ஒரு வகுப்பறை, அந்த வகுப்பறையின் கடைசிப் படியில், மின்விசிறிக் காற்று வந்து சேராத மூலையில், இறுதியாண்டு மாணவி ஜெபக்கனி பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது.

மருந்து எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது. சோறு தின்ற கையின் ஈரம் காயாத நேரத்தில் வரும் வகுப்பு என்பதால் பாதிப்பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள். கதீஜா பானு மேடம் வருடக்கணக்காக அந்த வகுப்பை எடுத்து எடுத்துத் தொண்டை கம்மி, பேசினால் காய்ந்த பனையோலை உரசுவதுபோல் கேட்கும். அவர் கேட்பது நாலே கேள்விதான். யாருக்கு? எதுக்கு? எவ்வளவு? எப்ப நிறுத்த? அந்த நாலையும் மாணவர்கள் கோரஸாய்ப் பாடுவார்கள், பாடிவிட்டு மறந்துபோவார்கள்.

"ஒரு ஆச்சி, எழுபது வயசு. எடை முப்பத்தஞ்சு கிலோ. கிட்னி பாதிதான் வேலை செய்யுது. ரெண்டு நாளாச் சாப்பிடல. என்ன ஏத்துவீங்க? எழுதுங்க" என்றார் மேடம்.

எல்லாக் கையும் ஒரே மாதிரி எழுதியது. உப்பு நீர் பாட்டில் ரெண்டு, சர்க்கரை கலந்த உப்பு நீர் பாட்டில் ஒண்ணு. அது அந்த ஆஸ்பத்திரியின் கைப்பழக்கம். வயிற்றுவலியோ காய்ச்சலோ காலில் ஆணியோ, படுக்கையில் வந்து விழுந்தவருக்கு ரெண்டும் ஒண்ணும் என்று எழுதுவது, அம்மாவின் கைப்பக்குவம் மகளுக்கு வருவதுபோல, சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே இறங்கியிருந்தது. ஜெபக்கனி மட்டும், பாவம், ஆச்சி ரெண்டு நாளாய்ச் சாப்பிடவில்லையே என்று மனசிரங்கி இன்னொரு பாட்டிலும் சேர்த்து எழுதினாள்.

பேனா காகிதத்தை விட்டு எழும்பியதும் முதல் படியிலிருந்து பேச்சிமுத்து எழுந்து நின்றான். வாய் ஓயாத பயல், ஆனால் அன்றைக்குப் பணிவாகத்தான் சொன்னான்.

"மேடம், என் செருப்பு சின்னதாயிட்டு."

செருப்பு சின்னதாகவில்லை, பாதம் உப்பிவிட்டது. அவனுக்குப் பின்னால் மோதிரங்கள் இறுகின, வாட்ச் வார்கள் பட் பட்டென்று அறுந்தன, சட்டைப் பொத்தான்கள் தெறித்துக் கரும்பலகையில் போய் அடித்தன, எழுந்தவர்களின் வயிற்றுக்குள் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கி நடப்பதுபோல் தளக் தளக்கென்று சத்தம் கேட்டது, பேச்சிமுத்து ஒரு படி இறங்கப் பார்த்து உருண்டு, உருண்டவன் இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்து உருட்டி, மூவரும் மேடத்தின் மேஜைக்கடியில் போய்ச் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள். எழுதியது யாருக்கோ, அது முதலில் வந்து இறங்கியது எழுதியவர் உடம்பில், அதுவும் அந்த முப்பத்தஞ்சு கிலோ ஆச்சியின் உடம்பில் இறங்குகிற கணக்கில்.

கதீஜா பானு மேடம் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்பாடா" என்றார்.

எல்லாரும் சிரித்த அந்த வேளையில் கடைசிப் படியில் ஜெபக்கனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் இரக்கப்பட்டு எழுதிய பாட்டில் அவள் நெஞ்சுக்குள் ஏறி நின்றுகொண்டது. மூச்சை இழுத்தால் தண்ணீருக்கடியில் இருந்து இழுப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம்தான், தண்ணீர் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. பயம் மட்டும் இறங்கவில்லை. அன்றிலிருந்து அவள் பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடுவதுபோல எடுத்துக்கொண்டது. வார்டுகளில் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி வந்தது, வராந்தாவில் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டினார்கள், கக்கூஸ் வாசலில் மருந்து எழுதியவர்களுக்கு முன்னுரிமை என்று போர்டு தொங்கியது, கேன்டீன் இசக்கியண்ணாச்சி சுக்கும் உப்பும் போட்டு நிதான டீ என்று ஒன்றைக் கண்டுபிடித்து விற்றார். நர்ஸுகள் மருந்தை எடுக்கும் முன் எழுதியவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். நோயாளியோடு வந்தவர்களோ அதற்கும் மேலே போனார்கள். "எழுதுன டாக்டரு நிக்காவளா, படுத்துட்டாவளா?" என்று விசாரித்து, "ஒரு நடை நடந்து காட்டச் சொல்லுங்க" என்று கேட்டு, எழுதியவர் வார்டின் கோடி வரை நேராகப் போய்த் திரும்பினால்தான் ஊசிக்குக் கை நீட்டினார்கள்.

சரியாக எழுதினால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. வெயிலில் வந்தவன் மண்பானைத் தண்ணீரைக் குடித்ததுபோல் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு குளுமை ஓடும், எழுதியவர் தன்னையறியாமல் இளிப்பார். அந்த இளிப்புக்கு ஆசைப்பட்டே மாணவர்கள் நோயாளியிடம் நின்று நிதானமாய் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் பென்சிலின் என்று எழுதி முடிக்கும் முன் உடம்பெல்லாம் தடித்து, குரங்குபோல் ரெண்டு கையாலும் சொறிய, கட்டிலில் கிடந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஆமா, எனக்கும் போன வருசம் இந்த ஊசிக்கு இப்படித்தான் இருந்துது, சொல்ல மறந்துட்டேன் பாத்துக்கிடுங்க" என்றாள். பேச்சிமுத்து ஒரு தூக்க மாத்திரைக்கு அரை, அதாவது 0.5 என்று எழுத நினைத்து, புள்ளிக்கு முன்னால் பூஜ்யத்தை விட்டுவிட்டு, புள்ளியையும் எறும்புக் கால்போல் வைத்ததில், சிஸ்டர் அதை அஞ்சு என்று வாசித்த அந்த நொடியில் மேஜையிலேயே தலை சாய்ந்து, மறுநாள் மத்தியானச் சாம்பார் வாசனைக்குத்தான் எழுந்தான். எழுதியவர் மனசில் நினைத்தது எதுவாக இருந்தாலும், சிஸ்டர் கண்ணுக்குத் தெரிவதுதான் உடம்பில் இறங்குகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வாரமே கல்லூரி முழுக்கக் கையெழுத்து முத்து முத்தாக மாறியது.

மேலதிகாரிகள் குழுவாய் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு, சும்மா எழுதிப் பார்க்கிறேன் என்று ஒரு பேதி மருந்தை எழுதினார். அறிக்கை எதுவும் கடைசிவரை வரவில்லை.

இத்தனை ஆட்டத்திலும் ஆடாமல் நின்றது ஒரே ஒருத்தி, ஜெபக்கனி. அவள் நோயாளியிடம் எல்லாவற்றையும் பொறுமையாய்க் கேட்பாள், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள், எல்லாம் முடிந்ததும், "ஏல பேச்சி, நான் சொல்லுதேன், நீ எழுது" என்பாள். அவன் எழுதுவான், எழுதி ஆடுவான். அது யார் கண்ணிலும் படவில்லை. பட்டதெல்லாம், அந்தப் பிள்ளை வந்து நின்ற கட்டிலருகே அந்தப் பிள்ளை மட்டும் ஆடவே இல்லை என்பதுதான். ஆடாத டாக்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்னும் டாக்டராகவே ஆகாதவளிடம் காட்டவேண்டும் என்று கடலோரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பூட்டியிருந்த பேனா பையில் கனத்தது.

அப்படி இருக்கையில்தான் மேலக்கரை மாதா கோயிலில் அசனம் வந்தது. ஊர் கூடிப் பொங்கி ஊரே உட்கார்ந்து உண்ணும் விருந்து. காலையில் ஆக்கிய கறிக்குழம்பு வெயிலில் இருந்துவிட்டதோ என்னவோ, மறுநாள் மத்தியானத்துக்குள் ஊரில் பாதி வாந்தியும் பேதியுமாய் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. கட்டில் நிறைந்து, கட்டிலுக்கடியில் பாய் நிறைந்து, வராந்தா நிறைந்தது. இத்தனை பேரைக் கண்டதும் பணியிலிருந்த டாக்டர்கள் கற்றதையெல்லாம் காற்றில் விட்டார்கள். பழைய கைதான் வந்தது. ரெண்டும் ஒண்ணும், ரெண்டும் ஒண்ணும் என்று வரிசையாய் எழுதித் தள்ளினார்கள். வயதானவர், இதயம் நலிந்தவர், கிட்னி பழுதானவர் என்று ஆளுக்கு ஆள் வேறாய் இருந்த உடம்புகளின் மிச்சத் தண்ணீரெல்லாம் எழுதியவர்கள் மேல் வந்து இறங்க, ஒருவர் பின் ஒருவராய்த் ததும்பி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரிசையில் போய் நின்றார்கள். பேச்சிமுத்துவும் அந்த வரிசையில்தான் இருந்தான். கதீஜா பானு மேடம் குழந்தைகள் வார்டில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஜெபக்கனிக்கு போன் வந்தது.

"ஆண்கள் வார்டுல நிக்கிறது நீ ஒருத்திதானாம். நீ எழுதும்மா. எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு, நான் சரின்னா சிஸ்டர் ஏத்துவாங்க, நான் வந்து கையெழுத்துப் போடுறேன்."

"மேடம், நான்..."

"நாலு கேள்வி. அவ்வளவுதான்." போன் நின்றது.

முதல் கட்டிலில் சூசை மிக்கேல் கிடந்தார். ஒரு காலத்தில் விசைப்படகு ஓட்டியவர், சுழிக்காற்றுக்கெல்லாம் அஞ்சாதவர், இப்போது இதயம் தளர்ந்து மாடிப்படிக்கு அஞ்சுகிறவர். கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, கூப்பிட்டால் மட்டும் பார்த்தார். தலைமாட்டில் அவர் மனைவி ரோஸ்லின், கையில் ஜெபமாலையும் விசிறியும்.

"ஏ பிள்ள, நீதானே அந்த ஆடாத டாக்டரு? மாதா உன்னைய அனுப்பியிருக்கா. எழுது தாயி. இவிய நாக்கு கருவாடாக் கெடக்கு. நாலு பேரு வந்து எழுதினாவ, நாலு பேரும் அந்தா கக்கூஸ் வாசல்ல நிக்காவ."

வார்டே திரும்பிப் பார்த்தது. ஆடாத பிள்ளை வந்தாச்சு என்று பாய்க்குப் பாய் சேதி போனது. ஜெபக்கனி பையிலிருந்து பேனாவை எடுத்தாள், மூடியைத் திறக்கவில்லை. தண்ணீர் கொடுக்காவிட்டால் இந்த மனிதர் காய்ந்தே போய்விடுவார், கூடிப்போனால் அந்தத் தளர்ந்த இதயம் இறைக்கமாட்டாமல் நுரையீரலுக்குள் தேங்கி, படுத்த இடத்திலேயே கடலில் முங்கியதுபோல் முங்கிவிடுவார். அந்த மூச்சு எப்படி இருக்கும் என்று வகுப்பில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எழுதாமல் போகலாம் என்றால் எழுத வேறு ஆளில்லை.

"ஐயா, உங்க எடை எவ்வளவு?"

"கடைசியா மீன் தராசுலதான் பாத்தேன்" என்று கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் பேசினார் சூசை மிக்கேல். "அம்பத்தெட்டு. ஐஸோட சேத்து."

அடுத்த பாயில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவள் எத்தனை தரம் பேதி போயிற்று என்று கேட்டாள், காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை என்பதையும் கேட்டுக்கொண்டாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள், இரத்த அழுத்தம் பார்த்தாள், முதுகில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நுரையீரலில் தண்ணீர் பொரியும் சத்தம் இல்லை, சுத்தமாக இருந்தது. மூடியைத் திறந்தாள். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த மை முதலில் வர மறுத்து, உதறிய பிறகு வந்தது. உப்பு நீர், முழு பாட்டில் அல்ல, பாதிகூட அல்ல, கால் லிட்டர், மெதுவாய், ஏறி முடிந்ததும் திரும்பப் பார்க்கவும். அதற்குக் கீழே, எல்லாரும் எழுதுகிற ஒரு வரியைக் கை தானாக எழுதியது: வழக்கமான மாத்திரைகள் தொடரட்டும்.

பேனா எழும்பியது. முதலில் நாக்கின் நுனியில் ஒரு ஈரம், பானைத் தண்ணீரின் குளுமை, அவள் இதழ் இளிப்புக்குத் தயாரானது. அடுத்த நொடி முழங்கால் ரெண்டும் காணாமல் போயின. கண் இருட்டியது, வாய் உலர்ந்து ஒட்டியது, அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பாய்மரம்போல் இப்படியும் அப்படியும் ஆடினாள்.

"ஆடுது! ஆடாத பிள்ள ஆடுது!" என்று வார்டு அலறியது. கக்கூஸ் வரிசையிலிருந்து கூட்டத்துக்கு மேலே பேச்சிமுத்துவின் தலை எழும்பியது, அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"ஏல, கனி எழுதிட்டாடா! இத்தனை நாளா இவளுக்கும் சேத்து நான்லா ஆடினேன்!"

பாய்க்காரர்கள் முழங்கையை ஊன்றி எழும்பி அவளைப் பார்த்தார்கள். விசிறிகள்கூட நின்றன. ஜெபக்கனிக்கு ஓடிவிடலாம்போல் இருந்தது, ஓட முழங்கால் இல்லை. அதனால் யோசித்தாள். தண்ணீர் இப்படிச் செய்யாது. அப்படியானால் கீழே இருக்கிற அந்த ஒரு வரிதான்.

"அம்மா, ஐயா வீட்ல என்ன மாத்திரை சாப்பிடுதாவ?"

ரோஸ்லின் மடியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். வெள்ளை மாத்திரை ஒரு அட்டை, மஞ்சள் மாத்திரை ஒரு அட்டை.

"வெள்ளை இவியளோடது, நீர் போக. மஞ்சள் பக்கத்து வீட்டுத் தொம்மையண்ணனோடது. அவியளும் நெஞ்சு சீக்குக்காரவதானே, மகன் வீட்டுக்கு துபாய் போம்போது, மிச்சம் கெடக்கு, வீணாப் போவக் கூடாதுன்னு தந்தாவ. நானும் ரெண்டு நாளா ரெண்டையும் சேத்தே குடுக்கேன். நேத்து வாந்தியோடகூடக் குடுத்தேன் பிள்ள, ஒரு நேரம் தப்ப விடல."

மஞ்சளும் நீர் போகிற மாத்திரைதான். வாந்தியும் பேதியுமாய்ப் போன உடம்பிலிருந்து ரெண்டு மாத்திரையும் சேர்ந்து ஆளுக்கு ஒரு வாளியோடு இறைத்துக்கொண்டிருந்திருக்கின்றன. எழுத்து ஜெபக்கனியுடையது, தொடரட்டும் என்று பார்க்காமலே இன்னும் இறைக்கச் சொன்னது அவள்தான். அந்த வரியை அடித்தாள். நீர் மாத்திரைகள் இரண்டும் நிறுத்தம், நாளைக் காலை இரத்தப் பரிசோதனைக்குப் பின் முடிவு, என்று குழந்தைகூட வாசிக்கும்படி எழுதினாள். போனில் வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் பனையோலை உரசியது: "சரி."

"டாக்டரு ஆடிட்டாவளே, ஏத்தலாமா வேண்டாமா?" என்று அடுத்த பாய்க்காரர் கேட்டார்.

ரோஸ்லின் விசிறியை நீட்டி அவரை அதட்டினாள். "ஆடுனா என்னவே? நின்னு, என்ன தப்புன்னு கேட்டால்லா? ஓடிப்போன ஆளையா நம்பச் சொல்லுதீரு? சிஸ்டர், ஏத்துங்க நீங்க."

ஏறியது. ஜெபக்கனி வார்டின் கோடிக்கு நடந்து காட்டவில்லை, நடக்கவும் முடியாது. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு, முட்டும் வயிற்றை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கால் லிட்டர் இறங்கியதும் முதுகில் கேட்டாள், சுத்தம். இன்னொரு கால் லிட்டர் எழுதினாள். பானைத் தண்ணீர் உச்சியிலிருந்து பாதம் வரை ஓட, அவள் இளித்த இளிப்பைப் பார்த்து ஒரு குழந்தை கைகொட்டியது. நடுவில் ஓடிப்போய்க் கக்கூஸ் வரிசையில் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நுழைந்தாள், அது தனிக்கதை. திரும்பி வந்து மூன்றாவதை எழுதப் பேனாவை எடுத்தவள் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி முதுகில் கேட்டாள். அடியில், வலப்பக்கம், உப்பைச் சட்டியில் போட்டு வறுப்பதுபோல் ஒரு சின்னப் பொரிச்சல். பேனாவை மூடினாள். போனில் சொன்னாள், சரி என்றது. ஊசி வழி போதும், தலைமாட்டை உயர்த்தி இனி வாய்வழி ஸ்பூன் ஸ்பூனாக என்று ரோஸ்லினிடம் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தாள். அந்த அம்மா ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஜெபமாலையில் ஒரு மணி உருட்டினாள்.

சாயங்காலக் காற்று கடலிலிருந்து திரும்பியபோது சூசை மிக்கேல் கண்ணை முழுசாய்த் திறந்தார். "ஏ ரோசி" என்றார். "அந்த மூத்திரக் குடுவையை எடு."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு பிளாஸ்டிக் குடுவையில் மெல்லிசாய் ஒரு ஓசை, பிறகு நல்ல ஓசை, பிறகு நிற்காத ஓசை. வார்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது, ஓசை அடங்கியதும் புதுப் படகைக் கடலில் இறக்கியதுபோல் கத்தித் தீர்த்தது. ததும்பிய டாக்டர்களெல்லாம் வற்றிப்போய் வாசலில் வந்து நின்று கைதட்டினார்கள். பேச்சிமுத்து விசிலடித்தான். ரோஸ்லின் குடுவையையும் ஜெபமாலையையும் ஒரே கையில் உயர்த்திப் பிடித்தாள்.

"அம்மா, ஆட்டாதீங்க, அளவு பாக்கணும்" என்று ஜெபக்கனி பாய்ந்து போய் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அப்புறம்தான் சிரித்தாள்.

சிரித்து முடித்து ராத்திரிக்கான மருந்தை எழுத உட்கார்ந்தாள். யாருக்கு, எதுக்கு, எவ்வளவு, எப்ப நிறுத்த. எழுதிப் பேனாவை எடுத்தாள். காத்திருந்தாள்.

குளுமை வரவில்லை. ஆட்டமும் வரவில்லை. முழங்கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வாசலில் ஒரு டாக்டர் இன்னொருவரைப் பார்த்து, "உனக்கு ஏதாவது?" என்று கேட்க, அவர் உதட்டைப் பிதுக்கினார். வராந்தாக் கயிறு காற்றில் சும்மா ஆடியது. வந்ததுபோலவே, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது அது.

ரோஸ்லின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ள, ஆடவும் காணோம், இளிக்கவும் காணோம்?"

"ஒண்ணுமே தெரியலம்மா."

"அப்ப எழுதுனது சரியா, தப்பா?"

ஜெபக்கனி எழுதிய தாளைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த ஸ்டெத்தாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, குளிராதிருக்க அதன் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"ஐயா, கொஞ்சம் முன்னால சாஞ்சு முதுகைக் காட்டுங்க."

"இப்பத்தானே தாயி பாத்தே?" என்றார் சூசை மிக்கேல்.

"அது அப்ப" என்றாள் அவள்.